எலியின் பட்டாளம்

பல் கட்டுகிறவரின் மகள் ஏழு வயதில் காய்ச்சல் வந்து இறந்துபோனாள். எட்டு வயதானபோது, குதிரைப்படையை முன்வரிசையில் நிறுத்தக் கூடாது என்று கற்றுக்கொண்டாள். அந்தத் தெருவில் இதை யாரும் பெரிய சேதியாக எடுத்துக்கொள்ளவில்லை. எட்டு வயதில் பிள்ளைகள் எதையாவது கற்றுக்கொள்ளத்தான் செய்யும் என்றார் மாடியில் குடியிருந்த வீட்டுச் சொந்தக்காரர். தண்ணீர்க் கட்டணத்தை முன்போலவே மூன்று பேருக்குப் போட்டு வாங்கினார்.

உயிரோடிருந்தபோது அவளை எல்லோரும் எலி என்றுதான் கூப்பிட்டார்கள். பென்சில், சட்டைக் காலர், ஜன்னல் கட்டை, அப்பாவின் செருப்பு வார் என்று கையில் அகப்பட்டதையெல்லாம் கடிப்பாள். பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்கு முந்தைய வருஷம், பழைய சாமான் கடைக்காரர் இடத்தை அடைக்கிறது என்று கிட்டத்தட்டச் சும்மா கொடுத்த ஒரு அட்டைப் பெட்டியை அப்பா தூக்கிக்கொண்டு வந்தார். பெட்டி நிறையச் சிப்பாய்கள். மரத்தூளைப் பசையில் குழைத்து, உள்ளே கம்பி வைத்து, மேலே வண்ணம் தீட்டிய பழைய காலத்து உருவங்கள். துப்பாக்கி ஏந்தி நடப்பவர்கள், மண்டியிட்டுக் குறிபார்ப்பவர்கள், கொடி பிடித்த ஒருவன், முரசடிக்கும் ஒருவன், கொஞ்சம் குதிரைகள். முதல் வாரத்திலேயே எலி பாதிப் பேரின் தொப்பியைக் கடித்துவிட்டாள். மரத்தூள் என்பதால் மெழுகில் பதிந்த மாதிரி பல் பதிந்தது. பிறகு அம்மாவின் நெயில் பாலிஷை எடுத்துத் தளபதிக்கு மட்டும் நகம் வரைந்தாள். மற்றவர்கள் முகம் வாடிப்போயிருக்கிறது என்று சொல்லி எல்லோருக்கும் வரைந்தாள். கை உடைந்தவனுக்கு அப்பா தன் பட்டறையில் பல்செட்டுக்கு ஈறு செய்கிற கலவையால் புதுக் கை வைத்துக் கொடுத்தார். "ஏம்பா, இவன் கை மட்டும் ரோஸ் கலரா இருக்கு?" "அது ஈறும்மா. கடிச்சேன்னா அவனுக்கு வலிக்கும்." "அப்ப துப்பாக்கி முனையில பல்லு வச்சுக் குடு, அவனும் கடிக்கட்டும்." வைத்துக் கொடுத்தார். முன் அறை முழுக்க, அலமாரிக் காலிலிருந்து நாற்காலி வரைக்கும், சண்டை நடந்தது. அம்மா தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கும் வேலைக்குக் காலையில் பறந்துகொண்டு கிளம்புகிறவள். அவள் காலில் இடறி விழுந்தவர்கள் செத்த கணக்கில் சேருவார்களா என்று ஒருநாள் தாய்க்கும் மகளுக்கும் பெரிய தகராறு நடந்தது. அதன்பின் அடுப்படிக்குப் போகும் வழியில் மட்டும் ஒரு சாண் அகலத்துக்குப் பாதை விட்டுப் படையை நிறுத்தினாள் எலி.

அவள் போனபோது சண்டை பாதியில் நின்றிருந்தது. பெட்டியில் எடுத்துப்போட இரண்டு பேருக்கும் கை வரவில்லை. அம்மா துடைப்பத்தை அவர்களைச் சுற்றிச் சுற்றிப் போட்டுப் பெருக்கினாள். காரியமெல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிப்போன மறுநாள் காலை, முரசுக்காரன் நாற்காலிக் காலடிக்கு வந்து நின்றிருந்தான். "நீ பெருக்கும்போது தட்டியிருப்ப," என்றார் பல் கட்டுகிறவர். "நான் தட்டினா விழுவான். இவன் நடந்து வந்திருக்கான்." "காத்துல நகர்ந்திருக்கும்." "ஜன்னலே திறக்கலைங்க." அவர் தரையில் குந்தி வெகுநேரம் பார்த்தார். "தப்பான எடம். அங்க நின்னா அந்தப் பக்கத்திலேர்ந்து சுட்டுடுவாங்க," என்று சொல்லிவிட்டு, அதற்கப்புறம்தான் முதல்முறையாக அழுதார்.

அதிலிருந்து எலி அந்த வீட்டில் வளர்ந்தாள். தினமும் காலையில் படை இடம் மாறியிருக்கும். நடந்தவர்கள் எல்லோரும் அவளுடைய பழைய ஆட்கள்தான். அவளுக்கு ஆட ஆள் வேண்டுமே என்று பல் கட்டுகிறவர் ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரிலுள்ள பழைய சாமான் கடைகளில் எல்லாம் ஏறி இறங்கி எதிர்ப்படை சேர்த்தார். அவை தாமாக நகரவில்லை. அவற்றை அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போகும் முன் ஆளுக்கொன்றாகக் கையால் நகர்த்திவிட்டுப் போனார்கள். உடைந்ததாகப் பார்த்துத்தான் வாங்குவார். "முழுசா இருந்தா நமக்கென்ன வேலை?" என்பார் கடைக்காரரிடம். வீட்டுக்கு வந்து மூக்கு வைப்பார், குதிரைக்கு வால் வைப்பார், தானே வாயால் முரசடித்துக்கொண்டு அணிவகுப்பு நடத்துவார். மனைவி எட்டிப்பார்த்து, "வயசுக்குத் தகுந்த மாதிரி நடந்துக்கங்க, பொண்ணு பாக்கிறா," என்பாள். அவருக்கு அந்த வார்த்தையைக் கேட்பதில் ஒரு சுகம் இருந்தது. அதற்காகவே இன்னும் உரக்க அடிப்பார்.

பத்து வயதில் எலி தீப்பெட்டிகளை இழுத்து வந்து காயம்பட்டவர்களுக்கு ஆஸ்பத்திரி கட்டினாள். பன்னிரண்டு வயதில் அப்பாவை ஜெயிக்க ஆரம்பித்தாள்; தோற்ற எதிர்ப்படைத் தளபதியை அவருடைய செருப்புக்குள் கொண்டுபோய் நிறுத்தியிருப்பாள். பதினாலு வயதில் எல்லாச் சிப்பாய்களும் அம்மாவுக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். அவள் இந்தப் பக்கம் வந்தால் அந்தப் பக்கம், அந்தப் பக்கம் போனால் இந்தப் பக்கம். "நான் என்னடி பண்ணேன்? சொன்னாத்தானே தெரியும்?" என்று தரையைப் பார்த்து அவள் கத்தியது கேட்டு அடுத்த வீட்டு டீச்சர் எட்டிப்பார்த்தாள். "விடுங்க. எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கு, ஆறு மாசமா 'ம்' தவிர வேற பேச்சில்ல. உங்களதாவது சாப்பாட்டுல குத்தம் சொல்லாது." பதினாறில் ஒரு காலை முழுப் பட்டாளமும் வீட்டுக்கு வெளியே மாடிப்படியில் நின்றிருந்தது. வெளியே போனால் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று அம்மா கண்டிப்பாகச் சொன்னாள். அடுத்த நாள் கொடி பிடித்தவன் மட்டும் வாசலருகே வந்து, அம்மா "சரி, போயிட்டு வா" என்று சொல்லும்வரை காத்து நின்றான். ஒரு சமயம் அம்மாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டு எழுந்திருக்க முடியவில்லை. அப்போது அத்தனை பேரும் கட்டிலைச் சுற்றி, முகத்தை வெளிப்பக்கம் வைத்து, அவள் எழுந்து நடக்கும்வரை காவல் நின்றார்கள். இத்தனைக்கும் நடுவில், முதுகு காட்டிய காலத்திலும்கூட, அடுப்படிப் பாதையில் ஒருவனும் நின்றதில்லை.

பல் கட்டுகிறவரின் பட்டறைக்கு ஓய்வுபெற்ற நில அளவையாளர் ஒருவர் மேல்வரிசைப் பல் கட்டிக்கொள்ள வந்தபோதுதான் விலை என்ற பேச்சு வந்தது. அவரும் பொம்மைச் சிப்பாய் சேர்ப்பவர். அவர் வீட்டில் ஒரு சிப்பாய்கூடப் பெட்டியை விட்டு வெளியே வந்ததில்லை. வந்தவர்கள் யாரும் எதையும் தொட அனுமதி இல்லை. அதனால் அவருக்குத் 'தொடாதே சார்' என்றே பெயர். அச்செடுக்கும் மாவு வாய் நிறைய இருந்தபோது மேஜையில் மூக்குக்காகக் காத்துக்கொண்டிருந்த முரசுக்காரன் அவர் கண்ணில் பட்டான். "ம்! ம்ம்!" என்று கையைக் காலை உதைத்தார். மாவு வயிற்றுக்குள் போய்விட்டதாக்கும் என்று பயந்து பல் கட்டுகிறவர் அவர் முதுகில் ஓங்கி அடித்தார். வாய் காலியானதும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "இது எத்தனை இருக்கு?" இரண்டாவது வார்த்தை, "கடவுளே, யார் இதைக் கடிச்சது?"

"என் பொண்ணு."

"புத்தி சொல்லி வளர்க்கலையா?"

"சொன்னோம். கேக்கல," என்றார் பல் கட்டுகிறவர்.

தொடாதே சார் கெட்டவர் இல்லை. தனக்குத் தெரிந்ததைப் பொறுமையாகச் சொன்னார். இந்த வரிசைச் சிப்பாய்கள் முழுப் படையாக எங்கேயும் இல்லை, இதைத் தேடுகிறவர்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள், கடையில் இருந்தபடியே இருந்திருந்தால் இதை வைத்துச் சாகும்வரை உட்கார்ந்து சாப்பிடலாம். "விளையாடின பொம்மை செத்த பொம்மை, சார். தொட்டா பாதி விலை போச்சு, கடிச்சா முழுசும் போச்சு." அன்று சாயங்காலம் பல் கட்டுகிறவர் வீட்டுக்கு வந்து படையைப் பார்த்தபோது, முதல்முறையாக, யார் எங்கே நகர்ந்திருக்கிறார்கள் என்பதற்குப் பதிலாக யாரில் எவ்வளவு வண்ணம் உதிர்ந்திருக்கிறது என்பது அவர் கண்ணில் பட்டது.

அதன்பின் அவர் வாங்கியவை பெட்டி பிரிக்காதவை. அலமாரியின் மேல்தட்டில் ஏறின. வெயில் படாமல் இருக்கத் திரை போட்டார். எடுப்பதென்றால் கையுறை போட்டுக்கொண்டார். வாயால் முரசடிப்பது நின்றது. "உங்க பட்டாளம் என்ன, பென்ஷன் வாங்கிட்டு உக்காந்திருக்கா?" என்று கேட்டாள் மனைவி. அவர் சிரிக்கவில்லை. அவருக்கு ஒரு பயம் இருந்தது. கொஞ்ச நாளாகவே நுண்ணிய வேலை செய்யும்போது விரல் நடுங்கியது. ஒரு பல்லைக் கோணலாக வைத்து, ஆளைக் கூப்பிட்டுத் திருப்பிச் செய்துகொடுக்க வேண்டியிருந்தது. "இந்தக் கை போச்சுன்னா நமக்கு யாரு இருக்கா?" "எலி இருக்கா." "எலி எப்படிம்மா பாத்துப்பா? ஒரு சிப்பாய எடுத்து எடத்த மாத்தி வைப்பா. அவ்வளவுதானே?" "எனக்கு இடுப்பு புடிச்சப்ப யாருங்க பாத்தா?" "சுத்தி நின்னா. கஞ்சி வச்சது நானு." அதன்பின் இரண்டு நாள் அவள் அவரோடு பேசவில்லை. அந்த இரண்டு நாளும் தரையில் படை நகரவில்லை. இருவருக்கும் சரிபாதித் தூரத்தில், என்ன செய்வதென்று தெரியாத பிள்ளையைப் போல, அப்படியே நின்றது.

எலிக்கு இருபத்தொன்று நடந்தபோது அம்மாவின் அக்காவுக்குக் கண் ஆபரேஷன் என்று தந்தி மாதிரி போன் வந்தது. அம்மா கூட இருக்கப் போனாள். போகும்போது, "அவளோட ஒரு ஆட்டமாவது ஆடுங்க, பாவம், தனியா ஆடறா," என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த வாரத்தில்தான் தொடாதே சார் வந்தார். பழைய நிலைக்குக் கொண்டுவந்து கொடுத்தால் கடித்த படையைத் தானே எடுத்துக்கொள்வதாகவும், பல் கட்டுகிறவரின் கையைத் தவிர வேறு கையால் அது ஆகாது என்றும் சொன்னார். பல் கட்டுகிறவர் யோசித்தார். எலி இருப்பது வீட்டில்தானே, மரத்தூளிலா இருக்கிறாள். வேறு சிப்பாய் வைத்தால் அதை வைத்து ஆடுவாள். இதைவிட நல்லதாகவே வாங்கித் தரலாம். இப்படி யோசித்து, ஒவ்வொருவரையும் பஞ்சில் சுற்றிப் பட்டறைக்கு எடுத்துப்போனார்.

அந்த வேலையை அவர் ஆசையோடு செய்தார் என்பதையும் சொல்ல வேண்டும். அந்த வாரம் விரல் நடுங்கவே இல்லை. நெயில் பாலிஷை நனைத்த பஞ்சால் துடைத்துத் துடைத்து நகம் நகமாக எடுத்தார். இளஞ்சிவப்புக் கைகளை அறுத்துவிட்டு மரத்தூளும் பசையும் குழைத்துப் புதுக் கை வைத்தார். துப்பாக்கி முனையிலிருந்த பல்லைப் பிடுங்கினார். கடைசியாகத் தொப்பிகள், தோள்கள், குதிரைக் காதுகள். வாழ்நாள் முழுக்கக் குழியைக் கண்டால் அடைத்தும் பள்ளத்தைக் கண்டால் நிரப்பியும் பழகிய கை அது. ஒவ்வொரு பல்தடத்தையும் சுத்தம் செய்து, நிரப்பி, தேய்த்து, மயிர் போன்ற தூரிகையால் வண்ணம் வைத்தார். எங்கே கடி இருந்தது என்று அவருக்கே தெரியவில்லை. வேலை அவ்வளவு நேர்த்தி. சாயங்காலம் அவர்களை முன் அறையில் வரிசையாக நிறுத்தி, பெண்ணைக் குளிப்பாட்டித் தலைவாரி விட்டவர் மாதிரி தள்ளி நின்று பார்த்தார்.

மனைவி திரும்பி வந்து பையைக் கீழே வைக்கவில்லை. குனிந்து தொப்பிகளைப் பார்த்தாள். "எங்கங்க?"

"எது?"

"அவ பல்லு."

அவருக்கு அப்போதுதான் உறைத்தது. பட்டறையில் சுவர் நீளத்துக்குத் தட்டுகள். யார் யாரோ வாய்களின் அச்சு, பிளாஸ்டரில், தேதி போட்டு, அடுக்கடுக்காக. பழைய சாமான் கடைக்காரர், டீச்சரின் மாமியார், மாடி வீட்டுச் சொந்தக்காரர், தொடாதே சார். செத்துப்போனவர்களுடையதும் உண்டு, தூக்கிப்போட மனம் வராமல் வைத்திருந்தார். சொந்த மகளின் வாயை மட்டும் அவர் அச்செடுத்ததில்லை. விழுந்து முளைக்கிற பல்லுக்கு எதற்கு அச்சு என்று இருந்துவிட்டார். அவள் தானாகவே எடுத்துவைத்திருந்த அச்சைத்தான் அந்த வாரம் முழுக்க உட்கார்ந்து நிரப்பியிருந்தார். இரண்டு சிப்பாய்களைப் பட்டறைக்கு எடுத்துப்போய், மெல்லிய ஊசியால் தொப்பியைத் தோண்டிப் பார்த்தார். பூசியது பழைய மரத்தூளோடு ஒன்றாகக் கலந்திருந்தது. கிடைத்தது குழிதான், பல் இல்லை.

மறுநாள் காலை படை நகரவில்லை. அடுத்த நாளும் இல்லை. அவர் எதிர்ப்படையை நகர்த்தினார், தோற்றுக்கொடுத்தார், அலமாரியிலிருந்த பெட்டிகளையெல்லாம் பிரித்துக் கொட்டினார், தரையில் உட்கார்ந்து வாயால் முரசடித்தார். "போதும், எழுந்திருங்க. அதுல யாரும் இல்ல," என்றாள் மனைவி. "கோவிச்சிக்கிட்டுப் போயிட்டா." தொடாதே சார் பணத்தோடு வந்தபோது அவள்தான் எடுத்துக் கொடுத்தாள். நல்ல விலை, சொன்னபடி கொடுத்தார், தோண்டிய இரண்டுக்குக்கூட முகம் சுளிக்கவில்லை. அவர் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் அந்தப் படை இன்றைக்கும் நிற்கிறது, ஒரு மயிரிழை நகராமல். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று அவர் திருப்தியாக இருக்கிறார். மகள் எங்கே என்று தெருவில் கேட்டவர்களுக்கு, அப்பாவோடு மனஸ்தாபம், வீட்டை விட்டுப் போய்விட்டாள் என்று அம்மா சொன்னாள். வளர்ந்த பிள்ளைகள் உள்ள வீடுகளில் நடப்பதுதான் என்று அவர்களும் மேற்கொண்டு கேட்கவில்லை. வீட்டுச் சொந்தக்காரர் தண்ணீர்க் கட்டணத்தை இரண்டு பேருக்குக் குறைத்தார். அது குறைந்த அன்றுதான் அம்மா வாய்விட்டு அழுதாள். காலியான முன் அறையில் அவள் அடுப்படிக்கு அதே ஒரு சாண் பாதையில்தான், ஒரு பக்கமாக, நடந்தாள்.

கொஞ்ச காலம் கழித்து, நாலு தெரு தள்ளி இருந்த முட்டைக்கடைக்காரி தபால் நிலையத்துக்கு வந்து, கடிதம் பிரிக்கும் ஜன்னலோரம் தயங்கித் தயங்கி நின்றாள். "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க பொண்ணு எங்க வீட்டுல இருக்கான்னு நினைக்கிறேன்." அவளுக்கு இரண்டு சின்னப் பெண்கள். சோப்புத்தூள் பாக்கெட்டோடு இலவசமாக வருகிற பச்சை பிளாஸ்டிக் சிப்பாய்களை அவர்கள் சேர்த்து வைத்திருந்தார்கள். சேர்ப்பது என்றால் வீடு முழுக்க இறைப்பது, தண்ணீர் வாளியில் முக்குவது, ஒருத்தி தலையில் ஒருத்தி எறிவது. விரல் நீளம்கூட இல்லாதவை. குப்பைக்காரர்கூட எடுக்க மாட்டார். "எறிஞ்சது எறிஞ்சபடி கிடக்கும், புள்ளைங்க தூங்கிடும். காலையில பாத்தா வரிசை கட்டி நிக்குது. சின்னதுங்க ரெண்டும் அடிச்சிக்கிட்டா நடுவுல போய் நிக்குது. அடுப்புப் பக்கம் போற வழி மட்டும் எப்பவும் காலி. எங்க பரம்பரையிலயே அவ்வளவு ஒழுங்கு கிடையாதுக்கா, அதான் சந்தேகம்."

அன்று சாயங்காலமே அம்மாவும் பல் கட்டுகிறவரும் முட்டைக்கடைக்காரி வீட்டுக்குப் போனார்கள். அம்மா உள்ளே நுழைந்தபோது பச்சைச் சிப்பாய்கள் முகம் திரும்பியிருந்தார்கள், அவள் பக்கமாக. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "இளைச்சுப் போயிட்டியேடி," என்றாள். பிளாஸ்டிக் உண்மையிலேயே மெல்லியதுதான். பல் கட்டுகிறவர் செருப்பைக் கழற்றிவிட்டு வாசல்படியில் ஒரு காலை வைத்தார். நின்றவர்கள் அத்தனை பேரும் சாய்ந்தார்கள். காலைப் பின்னால் எடுத்தார். எழுந்து நின்றார்கள். அவர் இன்னொருமுறை வைத்துப் பார்க்கவில்லை; செருப்பை மாட்டிக்கொண்டு எதிரே சைக்கிள் கடை வாசலில் கிடந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

அதிலிருந்து அம்மா தினமும் வேலை முடிந்து நேரே மகளைப் பார்க்கப் போகிறாள். அவர் பட்டறையைச் சீக்கிரமே சாத்திவிட்டு வந்து பெஞ்சில் உட்காருகிறார். சோப்புத்தூளாக வாங்கிக் குவித்து, உள்ளே இருக்கும் சிப்பாயை எடுத்து மனைவியிடம் கொடுத்தனுப்புகிறார். தூளை அக்கம்பக்கத்தில் கொடுத்துவிடுகிறார். அந்தப் பகுதியில் துணிகள் இப்போது நல்ல வெளுப்பு. எலிக்கு இருபத்தாறு ஆகிறது. சின்னப் பெண்கள் இரண்டும் அவளை அக்கா என்கிறார்கள், அவள் சொன்னால் மட்டும் கேட்கிறார்கள். பார்த்துவிட்டு மனைவி வெளியே வந்ததும் அவர் எழுந்து, குடையையோ பையையோ வாங்கிக்கொண்டு, அவளோடு சேர்ந்து நடப்பார். "வச்சியா?" "வச்சேன்." "வரிசையில சேத்துக்கிட்டாளா?" "சேத்துக்கிட்டா." "யாரு குடுத்ததுன்னு தெரியுமா அவளுக்கு?" "தெரியாம என்ன?" அதற்கு மேல் கேட்க அவருக்குத் தைரியம் வராது. அவளும் சொல்ல மாட்டாள். சைக்கிள் கடைக்காரர் அந்த நேரத்துக்குப் பெஞ்சில் வேறு யாரையும் உட்கார விடுவதில்லை. புதிதாகக் குடிவந்த யாராவது, அந்தப் பெரியவர் ஏன் தினமும் இங்கே வந்து அந்த வீட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று கேட்டால், மகளைப் பார்க்க வந்திருக்கிறார், இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்று சொல்லிவிட்டு, சக்கரத்துக்குக் காற்றடிக்கப் போய்விடுகிறார்.